பதினெட்டாங்கட்டை விளக்கு

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் இந்திராதேவி சன்னல்களைச் சாத்தத் தொடங்குவாள். முதலில் சமையலறை, பிறகு படுக்கையறை, கடைசியில் ஹால். முன்கதவுக்கு அடியில் பழைய கைலி ஒன்றைச் சுருட்டி அடைப்பாள். பதினெட்டாங்கட்டை மில் வரிசையின் இருபத்திரண்டு வீடுகளிலும் அதே நேரத்தில் அதே சத்தம் கேட்கும். பகலில் வெயில் தரையைச் சூடாக்கி நாற்றத்தை மேலே தூக்கிவிடும். வெயில் தாழ்ந்து காற்று அடங்கியதும், செம்பனை எண்ணெய் மில்லின் கழிவுக் குளங்களிலிருந்து அது தரையோடு தரையாக ஊர்ந்து வரும்.

புளித்த எண்ணெய், அழுகிய முட்டை, மூன்று நாள் ஆன வாந்தி என்று அதை விவரிக்கலாம். ஆனால் அது மூக்கோடு நிற்பதில்லை. நாக்கில் படியும். சோற்றுப் பானையைத் திறந்தால் ஆவி வெளியே வருவதற்குள் அது உள்ளே போய்விடும். கொடியில் காய்ந்த துணியைத் தோளில் போட்டால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். மகள் தேவிஸ்ரீ ஆபீஸ் உடுப்பை வீட்டில் வைப்பதில்லை. கார் டிக்கியில் பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு வைத்திருப்பாள். காலையில் ஆயர் குரோ டவுன் பெட்ரோல் ஸ்டேஷன் கழிப்பறையில் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். கழிப்பறை சுத்தம் செய்யும் பெண்ணுக்கு இரண்டு வருஷமாக அவளைத் தெரியும். எதற்கு என்று அவள் கேட்டதில்லை.

மில்லுக்குப் பின்னால் நான்கு குளங்கள். மலாய்ப் பலகையில் குளத்துக்கு 'கோலாம் 1', 'கோலாம் 2' என்று எழுதியிருக்கும். "வாசல்ல போட்டா மாக்கோலம், மில்லுல போட்டா பீக்கோலம்" என்பாள் குஞ்சம்மா. அவள் வரிசையின் கடைசி வீட்டுக்காரி. மாரியம்மன் கோயில் சமையல் அவள் பொறுப்பு.

மூன்று வருஷத்துக்கு முன் முதல் குளத்தைக் கறுப்பு ரப்பர் விரிப்பால் மூடினார்கள். உள்ளே கழிவு புளித்து எழும் வாயுவில் விரிப்பு உப்பி, செத்து மிதக்கும் எருமையின் வயிறு போல் நின்றது. வாயுவைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் எரிப்பதற்கு ஒரு கம்பமும் நட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூப்பிட்டுச் சூடம் காட்டச் சொன்னார்கள். குஞ்சம்மா சர்க்கரைப் பொங்கல் கிண்டினாள். கம்பத்தின் உச்சியில் தீ பற்றியபோது பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து வரிசைக்காரர்களுக்கு அது விளக்கு.

இந்திராதேவியின் கணவன் அங்கமுத்து மில்லில் முப்பத்தொரு வருஷமாக பாய்லர்மேன். வயது ஐம்பத்தெட்டு. அறுபது வரை வேலை பார்த்தவர்களுக்கு மேட்டுப் பக்கம் கம்பெனி கட்டும் தாமானில், புதுக் குடியிருப்பில், ஒரு வீடு என்று பேச்சு. பட்டியலில் அவர் பெயர் ஒன்பதாவது. இந்திராதேவி அந்த வீட்டை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சமையலறைச் சன்னல் மலைப்பக்கம் பார்த்திருந்தது. கட்டி முடியாத அந்தச் சன்னலருகே நின்று அரை மணி நேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்ததாகக் குஞ்சம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

குஞ்சம்மா தினமும் கோயிலுக்குப் போகும்போது சமையலறைச் சன்னலுக்கு வெளியே நின்று ஒரு குரல் விடுவாள்.

"என்னாண்ணே, ஒங்க வெளக்கு எரியுதா?"

அங்கமுத்து உள்ளிருந்தே சிரிப்பார். பதில் சொல்லமாட்டார்.

"சிரிங்க. கோயில் அடுப்போட கேஸ் தோங்க மில்லுக்காரன் எடுத்துட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சி. 'ரெண்டு நாள்ல தரேன் அக்கா'ன்னான். வெள்ளிக்கெழம வெறகு வெச்சி ஊதறேன். நாத்தம் பத்தாதுன்னு பொக வேற."

"தந்துருவானுங்க, போ" என்பாள் இந்திராதேவி.

"தருவானுங்க, தருவானுங்க. வீடும் தருவானுங்க."

தேவிஸ்ரீ இயற்பியல் படித்தவள். ஆயர் குரோவில் ஒரு சின்ன ஆலோசனைக் கம்பெனியில் வேலை. ஆலைகள் எவ்வளவு வாயுவைப் பிடித்து எரிக்கின்றன என்று சரிபார்த்து அறிக்கை எழுதித் தருவது அவர்கள் தொழில். அந்த அறிக்கை இருந்தால் ஆலைக்குப் பச்சைச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் எண்ணெய் வெளிநாட்டுக்குப் போகும். பதினெட்டாங்கட்டை மில்லின் அறிக்கையை முன்பு எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கோப்பு தேவிஸ்ரீயின் மேசைக்கு வந்தது.

"ஒங்க ஊருதானே? சிம்பிள் கேஸ் லா" என்றார் முதலாளி நிவேந்திரன். "வாயு ஃப்ளோ இருக்கா, பாரு. டெம்பரேச்சர் ஐநூறுக்கு மேல இருக்கா, பாரு. முடிஞ்சிச்சி. சைன் பண்ணு."

விதி அப்படித்தான். குளத்திலிருந்து வருவது பெரும்பாலும் மீத்தேன். அப்படியே வானத்தில் விட்டால் கரியமில வாயுவைப் போல் இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எரித்துவிட்டால் அந்தக் கேடு பெரும்பாலும் போகும். எரிந்தது என்பதற்குச் சாட்சி கம்பத்து உச்சியில் பொருத்திய ஒரு வெப்பமானிக் கம்பி. கம்பி ஐநூறு டிகிரிக்கு மேல் காட்டினால் எரிந்தது, காட்டாவிட்டால் எரியவில்லை.

மூன்று வருஷத்துப் பதிவைத் திரையில் விரித்தாள். எண்ணூறு, எண்ணூற்று நாற்பது, எண்ணூற்றுப் பத்து. இப்படி ஒரு தீயை அவள் கண்டதில்லை. வெட்டவெளியில் எரியும் தீ காற்றடித்தால் படுக்கும், மழை பெய்தால் சுருங்கும், வாயு குறைந்தால் திணறும். இந்தத் தீ எந்த மழைக்கும் அசையவில்லை. மில் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெல்ல மெல்ல இறங்கி நூறுக்கு வந்தது.

"ஞாயித்துக்கெழம ஏன் சார் தூங்குது?"

"மில் லீவு லா."

"கொளத்துக்கு ஏது லீவு? ஃப்ளோ மீட்டர்ல வாயு போய்கிட்டேதான் இருக்கு. புழுவுக்கும் பூச்சிக்கும் யாரு லீவு குடுத்தா?"

நிவேந்திரன் நாற்காலியைத் திருப்பினார். "தேவி, நான் ஒன்னு கேக்கறேன். ஐநூறுக்கு மேலயா, கீழயா?"

"ஞாயித்துக்கெழம தவிர மேல."

"அப்பறம் என்னா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். எண்ணூறில் நேராகப் போகும் கோட்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளம் விழுந்தது. பகலில் விழுந்த பள்ளங்கள் இரட்டை: சின்னதாக ஒன்று, ஆறேழு நிமிஷம் கழித்து இன்னொன்று. இரவுப் பள்ளம் ஒற்றை, ஆழமானது. மாசிமகத்துக்கு ஒரு வாரம் மட்டும் பகலிலும் ஒற்றைப் பள்ளம். அந்த வாரத் தேதிகளை நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தாள். அந்த வாரம் அப்பா லீவில் இருந்தார். செங் ஊர்க் கோயிலுக்குக் காவடி எடுத்தார். கார் ஓட்டியது அவள்தான்.

அன்று சாயங்காலம் கெம்போங் மீன் குழம்பும் கங்கோங் கீரைப் பிரட்டலும். சன்னல்கள் சாத்தியாகிவிட்டன. மின்விசிறி சாத்திய வீட்டுக்குள் பழைய காற்றையே சுற்றிச் சுற்றிக் கிளறியது. தேவிஸ்ரீ மடிக்கணினியைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, இத பாருங்க."

அங்கமுத்து இடது கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சற்று நேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம வேல மாரி இருக்கே! இந்தா பாரு, ரெண்டு பள்ளம். மொத எடது கதவு, சாம்பல வாரிட்டுச் சாத்தி, நெருப்புப் பிடிக்க விட்டு, அப்பறம் வலது கதவு. ரெண்டையும் ஒன்னா தொறந்தா ஸ்டீம் செத்துரும். இந்தா, இது தம்புசாமி. ராத்திரி ஷிஃப்ட். கபால்னு ரெண்டையும் தொறந்து போட்டு வாருவான், சோம்பேறி. எத்தன தடவ சொல்லிருக்கேன். இது எந்த மெஷின்மா? நல்லா காட்டுதே."

"இது பாய்லர் இல்லப்பா. வெளக்கு."

"எந்த வெளக்கு?"

"கொளத்து வெளக்கு. கம்பத்து மேல இருக்கற கம்பி காட்டற சூடு."

அங்கமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கம்பியா? அது கம்பத்துல இல்லியே. பாய்லருக்கு பின்னால பாக்கற ஓட்ட இருக்கில்ல, அதுல விட்டுருக்கு. நாந்தான் விட்டேன்."

இந்திராதேவி குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"யாரு சொல்லி?" என்றாள் தேவிஸ்ரீ.

"என்ஜினியர் ஷங்கர் சார் சொல்லித்தான். வெளக்கு பத்த வெக்கற பிளக்கு அரிச்சிப்போச்சி, அந்த வாயுவுல இரும்பே அரிக்குது. புதுசு கேட்டா வரல. கம்பிக்கிச் சூடு பத்தல, ஆபீஸ்ல அலாரம் அடிச்சிகிட்டே இருக்குன்னாரு. 'அண்ணே, சூடான எடமா பாத்து வைங்க'ன்னாரு. தெர்மாமீட்டருக்கு என்னாமா வேணும்? சூடு. மில்லுலயே சூடான எடம் எங்க? வெச்சேன். முப்பது மீட்டர் வயர் இழுத்து, ஓட்டயச் சுத்தி களிமண்ணு பூசி, ஒரு பொட்டு நெருப்பு வெளிய வராம." கைவேலையைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது. "தப்பா?"

"எரியாத நாள்லயும் வெளக்கு எரிஞ்சிதுன்னு மூணு வருஷமா ஊர் ஒலகத்துக்கே சொல்லிருக்காங்கப்பா. நம்ம அடுப்பு சூட்ட காட்டி."

"நான் என்னா கண்டேன்? கம்பி வெக்கச் சொன்னாங்க, வெச்சேன்."

இந்திராதேவி கரண்டியைச் சட்டியில் போட்டாள். "போன வருஷம் வரிசயில முப்பத்தேழு பேரு கையெழுத்துப் போட்டு எழுதுனோமே. என்னா பதில் வந்திச்சி? 'வேல நாள்ல மில்லு வாயுவ நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பங்கு எரிக்குது, நாத்தம் ஒங்க லோங்காங்ல இருந்து வருது, கால்வாய கழுவுங்க'ன்னு. நான் வெட்கங்கெட்டுப் போய் பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து கால்வாய தேச்சேன். ரெண்டு முழங்காலும் வீங்கிச்சி. அந்தத் தொண்ணூத்தெட்டு ஒங்க களிமண்ணுதானா?"

அங்கமுத்து தட்டில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

வியாழக்கிழமை காலை நிவேந்திரனும் தேவிஸ்ரீயும் மில்லுக்குப் போனார்கள். நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். மில் என்ஜினியர் ஷங்கர் வெள்ளைத் தலைக்கவசத்தோடு வாசலில் நின்றார். முப்பத்திரண்டு வயது, நல்ல சிரிப்பு.

"மிஸ் தேவி நம்ம அண்ணன் மகதானே? அப்ப நம்ம வீட்டுப் புள்ள லா" என்றார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பத்து உச்சியில் மஞ்சளாக, ஓரத்தில் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு அடுப்பு போல. தேவிஸ்ரீ அண்ணாந்து பார்த்தாள். மீத்தேன் சுடர் இவ்வளவு வெயிலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, வெளிறிய நீலமாக இருக்கும். இந்த மஞ்சளை அவள் அம்மன் கோயில் பின்கட்டில் பார்த்திருக்கிறாள். கம்பத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

"மிஸ், அங்க சேறு, வழுக்கும்" என்றார் ஷங்கர்.

சேறு அல்ல. விரிப்பின் தையல் ஒரு முழ நீளத்துக்கு விட்டிருந்தது. கிழிசலில் கறுப்புக் கூழ் பொங்கி, வெடித்து, வழிந்து, வெயிலில் ஏடு கட்டியிருந்தது. ஒவ்வொரு குமிழி வெடிக்கும்போதும் முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு அடித்தது. ஏட்டின் மேல் ஈக்கள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. அதற்குப் பக்கத்தில், கோணியால் பாதி மூடி, சமையல் கேஸ் உருளை ஒன்று, ஒரு தோங், நின்றது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கம்பத்து அடிக்குப் போனது. தோங்கின் தோளில் சிவப்புப் பெயின்ட்டில் 'மா.கோ.' என்று எழுதியிருந்தது. குஞ்சம்மாவின் கையெழுத்து.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலைக் கூழிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பாய்லர் வீட்டில் அங்கமுத்து அடுப்புக்குள் செம்பனை நார் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாங்க மிஸ்" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் ஆபீஸ்காரர்கள் யார் வந்தாலும் அவர் அப்படித்தான் நிற்பார். கைகள் பக்கவாட்டில், கண் தரையில். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் முதுகுக்குப் பின்னால், பாய்லர் சுவரில், களிமண் பூசிய ஓட்டையிலிருந்து வயர் ஒன்று ஒழுங்காக, இரண்டடிக்கு ஒரு கட்டுப் போட்டு, பதிவுப் பெட்டிக்குப் போயிருந்தது. நிவேந்திரன் அதைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

"ஷிஃப்ட் பதிவு இருக்குமே?" என்று கேட்டாள்.

ஷங்கர் கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டார். ஒரு நாளுக்கு ஒரு தாள். ஸ்டீம் அழுத்தம், தண்ணீர் மட்டம், எரித்த நார், எரித்த ஓடு. கடைசியில் விளக்குக்கு ஒரு கட்டம்: 'பாடாம்' என்ற மலாய்ச் சொல், அணைந்தது என்று பொருள். அணைந்திருந்தால் அங்கே ஒரு கோடு போட வேண்டும். அப்பாவின் தாள்களில் அந்தக் கட்டம் எல்லாமே காலி. ஆனால் குறிப்பு எழுதும் ஓரத்தில், இரண்டு தாளுக்கு ஒன்றில், நீல மையில் இரண்டு எழுத்து: வி.ம. பக்கத்தில் நேரம். வி.ம. 7.10. வி.ம. 2.35. வி.ம. காலை முதல்.

"இது என்னாங்க?"

ஷங்கர் எட்டிப் பார்த்தார். "அண்ணன் இனிஷியல் மிஸ். நமக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. இனிஷியல்தானே?"

"அப்பா பேரு அங்கமுத்து. அவங்கப்பா பேரு பெரியதம்பி."

"அப்ப என்னாவோ" என்று ஷங்கர் சிரித்தார். "முக்கியம் இந்தக் கட்டம். ஒரு நாள்கூட பாடாம் இல்ல, பாருங்க. க்ளீன்."

அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டாள். நிவேந்திரன் காருக்குள் போய் ஏர்கான் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள்.

"வி.ம.ன்னா என்னாப்பா?"

"வெளக்கு மலையேறிருச்சின்னு எழுதுனேன்."

"அணைஞ்சா அந்தக் கட்டத்துல கோடு போடணும்னு சொல்லலியா?"

"சொன்னாங்க." அங்கமுத்து தலையைத் துவட்டினார். "சூடம் காட்டிப் பத்த வெச்ச வெளக்கு. அத அணைஞ்சிருச்சின்னு என் கையால கோடு போடச் சொல்றியா? ஒங்கம்மா வீட்டு வெளக்கக்கூட அப்பிடிச் சொல்லமாட்டா. நமக்கு அந்த வார்த்த ஆகாது. அதான் ஓரமா எழுதி வெச்சேன். தெரிஞ்சவங்க பாத்தா தெரிஞ்சிக்குவாங்கன்னு."

"தெரிஞ்சவங்க யாருமே பாக்கலப்பா."

"மூணு வருஷமாவா?"

"கட்டம் காலியா இருந்தா எரிஞ்சிச்சின்னு எடுத்துக்கிட்டாங்க. ஒங்க கம்பி ஒரு பொய். ஒங்க கட்டம் ஒரு பொய். ஓரத்துல மட்டும் உண்ம."

அவர் துண்டைக் கொடியில் போட்டார், முகர்ந்து பார்த்தார், எடுத்து மறுபடியும் வாளிக்குள் போட்டார்.

தேவிஸ்ரீ தாள்களை எண்ணினாள். அப்பாவின் எண்ணூற்று அறுபது தாள்களில் நானூற்றுப் பன்னிரண்டில் வி.ம. இருந்தது. வயர், தோங், ஞாயிற்றுக்கிழமை, இரட்டைப் பள்ளம், வி.ம. எல்லாவற்றையும் பதினோரு பக்கத்தில் எழுதினாள். யார் பெயரையும் எழுதவில்லை. 'மேலிடத்து உத்தரவின்படி ஊழியர் ஒருவர்' என்று மட்டும் எழுதினாள். மில்லில் பகல் பாய்லர்மேன் ஒருவர்தான் என்பது அவளுக்கும் தெரியும். எழுதிய பிறகு அந்த வரியை மூன்று முறை அழித்து மூன்று முறையும் திரும்ப எழுதினாள். எழுதாவிட்டால் மற்ற பத்துப் பக்கமும் நிற்காது.

நிவேந்திரன் வாசித்தார். நல்லா எழுதியிருக்கே என்றார். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டார்.

"க்ளையண்டுக்கு அனுப்பிட்டேன்."

"சார், அது டிராஃப்ட். நேரா சான்றிதழ் குடுக்கறவங்களுக்குத்தானே போகணும்?"

"க்ளையண்டுக்கு மொத காட்டறது புரொசீஜர் லா. அவங்க பதில் சொல்ல சான்ஸ் குடுக்கணும். ஃபேர்னு ஒன்னு இருக்கில்ல?" அவர் கையில் காப்பி இருந்தது. ஊதிக் குடித்தார். "நீ நல்ல கேர்ல். அடுத்த வாரத்துல இருந்து சோலார் பக்கம் பாரு. அது சுத்தமான வேல. நாத்தம் இல்ல."

அவள் உடுப்பைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. தன்னை அறியாமல் காலரை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

மில்லின் பதில் சனிக்கிழமை வந்தது. அங்கமுத்துவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் மோகனா கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அனுமதி இல்லாமல் கருவியை இடம் மாற்றியது ஒன்று. விளக்கு அணைந்ததைக் கட்டத்தில் குறிக்கத் தவறியது இரண்டு. விசாரணை, அதன்பின் வேலை நீக்கம், முப்பது நாளில் வீட்டைக் காலி செய்வது. வாசித்து முடித்து அவள் வெளியே போனதும் ஷங்கர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.

"அண்ணே, இது சும்மா பேப்பர். நான் இருக்கேன். திங்கக்கெழம வெளியாளு ஆடிட் வராங்க. அதுக்குள்ள ஒங்க தாளெல்லாம் சரி பண்ணிக் குடுங்க. அந்த ரெண்டெழுத்த அடிச்சிருங்க. பாடாம் கட்டத்துல 'இல்ல'ன்னு போட்டு கையெழுத்து. ஒங்க கை, ஒங்க மை. பழசு மாரியே இருக்கணும். வீட்டுலயே பொறுமையா செய்ங்க. முடிச்சிட்டா இந்த லெட்டர கிழிச்சிருவேன். தாமான் லிஸ்ட்ல ஒங்க பேரு அப்பிடியே இருக்கும்."

"ஓட்டயில வெக்கச் சொன்னது நீங்கதானே சார்?"

"சூடான எடமா பாத்து வைங்கன்னேன். பாய்லர்ல வைங்கன்னு சொன்னேனா?"

அங்கமுத்து யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

இரண்டு அட்டைப் பெட்டிகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஹாலில் பாய் விரித்துத் தாள்களை வைத்தார். ஞாயிறு மதியம் வரைக்கும் அவற்றைத் தொடவில்லை. இந்திராதேவி ரசம் வைத்தாள், நெத்திலி பொரித்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு இந்திராதேவிதான் ஆரம்பித்தாள்.

"அடிச்சிக் குடுத்துருங்க."

"ம்மா..."

"நீ பேசாத. நீ எழுதுன பதினோரு பக்கத்துலதான் நாங்க தெருவுக்கு வந்து நிக்கறோம். ஒனக்கு இருபத்தஞ்சி வயசு, வேற எங்கயாவது போவே. எனக்கு ஒரு சன்னலு வேணும்டி. தொறந்து வெச்சி சமைக்க ஒரு சன்னலு. ரெண்டு வருஷம் பல்ல கடிச்சா வந்துரும்."

"அந்தச் சன்னலுக்குக் காத்து எங்கருந்தும்மா வரும்? சான்றிதழ் கெடச்சா அஞ்சாவது கொளம் தோண்டறாங்க. மேட்டுப் பக்கந்தான் எடம். நான் கோப்புல பிளான் பாத்தேன்."

இந்திராதேவி மகளையே பார்த்தாள். "பொய் சொல்றே."

"போட்டோ இருக்கு. காட்டவா?"

காட்டினாள். இந்திராதேவிக்கு வரைபடம் புரியாது. ஆனால் தாமானின் சின்னச் சின்னக் கட்டங்களும் அவற்றை ஒட்டி நீலத்தில் போட்ட பெரிய கட்டமும் புரிந்தன. அதன்மேல் எழுதியிருந்த வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான். கோலாம் 5.

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "த்தூ" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் வெறும் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அங்கமுத்து பாயில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அதே நீலப் பேனாவை எடுத்தார். முதல் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, பாடாம் கட்டத்தில் மெதுவாக ஒரு கோடு போட்டார். ஓரத்தில் இருந்த வி.ம.வை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, படிக்கிற பிள்ளை எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: விளக்கு அணைந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு இன்றைய தேதியையும் போட்டார்.

"அப்பா, அவங்க 'இல்ல'ன்னு..."

"தெரியும். நீ படம் எடு. நான் குடுத்தப்பறம் இது இருக்காது."

இரண்டாவது தாள். மூன்றாவது தாள். எழுதும்போது வாயும் கூடவே சொல்லிற்று. "அணைஞ்சிருச்சி. இதுவும் அணைஞ்சிருச்சி. இந்தா, தீவாளிக்கு மொத நாளு, அணைஞ்சிருச்சி." தேவிஸ்ரீ தேதியைப் பார்த்துப் பார்த்துத் தாளை எடுத்து நீட்டினாள். நூறாவது தாளில் பேனா மக்கர் செய்தது. உதறி எழுதினார்.

ஆறு மணிக்கு இந்திராதேவி சாமி மாடத்தில் விளக்கேற்ற வந்தாள். திரியைத் தூண்டியவள் நின்றாள்.

"வெளக்கு வெக்கற நேரத்துல அந்த வார்த்தய சொல்லாதீங்க."

"அது ஒன் சாமி வெளக்குக்கு" என்றார் அங்கமுத்து, தலை நிமிராமல். "இது பீக்கொளத்து வெளக்கு. இத்தன நாளா இதுக்குப் போயி மரியாத குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அவள் விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுதி முடித்த தாள்களை எடுத்துத் தட்டி அடுக்க ஆரம்பித்தாள். சற்று நேரம் கழித்து, "பாத்திரமெல்லாம் கட்டணும்னா அட்டப்பெட்டி பத்தாது" என்றாள்.

"கடையில கேட்டா தருவான்."

"முட்டப் பெட்டி வேணாம். நாறும்."

சன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. குஞ்சம்மா கோயிலுக்குப் போகிறாள். வழக்கம்போல் குரல் வந்தது.

"என்னாண்ணே, ஒங்க வெளக்கு எரியுதா?"

அங்கமுத்து பேனாவை வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமையலறைக்குப் போய், சாத்தியிருந்த சன்னலின் கொக்கியைத் தட்டி, இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்தார். நாற்றம் கபாலென்று உள்ளே வந்தது.

"அணைஞ்சிருச்சி குஞ்சம்மா!" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி கத்தினார். "மூணு வருஷமா அணைஞ்சி அணைஞ்சிதான் கெடக்கு!"

அக்கம்பக்கத்தில் சாத்திக்கொண்டிருந்த ஒரு சன்னல் பாதியில் நின்றது.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் குஞ்சம்மா, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு. "என் மூக்கு என்னா செத்தா போச்சி? கோயில் தோங்கு எங்கண்ணே, அத சொல்லுங்க."